பாரசீகப் பூனைக்கு அரப்பு

என் மகள் தன் பூனையை எங்களிடம் விட்டுச் சென்ற அன்று, முறைப்படி ஒரு பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் தயாரித்து வைத்திருந்தேன். இரண்டு பிரதிகள். ஒப்படைப்பவர் கையொப்பம் இடப்புறம், பெற்றுக்கொள்பவர் கையொப்பம் வலப்புறம், கடைசியில் குறிப்புரை என்று ஒரு காலிக் கட்டம். பூனை, பாரசீக வகை, ஆண், வெள்ளை: ஒன்று. கூடை: ஒன்று. சீப்பு: இரண்டு; ஒன்று பல் அகன்றது, ஒன்று பல் நெருங்கியது. மணல் தட்டு, கழிப்பிட உபயோகத்துக்கு: ஒன்று. முதுகில் உரோமத்தின் நீளம்: நான்கு அங்குலம். இதை நானே ஸ்கேல் வைத்து அளந்தேன். பூனை ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

"அப்பா, இது பூனை. தாலுகா ஆபீஸ் ஜீப் இல்ல."

"ஜீப்புலயே டயரை மாத்திட்டு ஒப்படைக்க வந்தவன் இருக்கான். நான் வாங்கல. கையெழுத்துப் போடு."

போட்டாள். ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து அவள் என்னிடம் நேரடியாகப் பேசிய முதல் வாக்கியம் அந்த ஜீப் வாக்கியம்தான்.

நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். வீடு நல்லம்பள்ளியில். மகள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். முப்பத்து மூன்று வயது, திருமணம் ஆகவில்லை. அந்த விஷயத்தில் மேல்நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு என்னுடையது என்று நானாகவே முடிவு செய்து, கல்யாண இணையதளம் ஒன்றில் அவள் விவரங்களைப் பதிவு செய்தேன். தோற்றம்: மாநிறம், ஐந்தடி மூன்று அங்குலம். குணம்: அமைதியானவர், அனுசரித்துப் போகக்கூடியவர். பூர்வீகம்: தருமபுரி மாவட்டம். புகைப்படமும் இணைத்தேன். அதை அவளுக்குப் பக்கத்து இருக்கையில் வேலை பார்ப்பவனுக்கே அந்த இணையதளம் பொருத்தமான வரன் என்று அனுப்பி வைத்துவிட்டது.

"அனுசரிச்சுப் போவேன்னு எங்கிட்ட கேட்டீங்களா?" என்று அன்று போனில் கேட்டாள்.

"அந்தக் கட்டத்த நிரப்பாம படிவம் அடுத்த பக்கம் போவல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதன் பிறகு அவள் அம்மாவுக்கு மட்டும் போன் செய்தாள். பொங்கலுக்கும் வரவில்லை.

இப்போது கம்பெனி அவளை மூன்று மாதம் வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. முன்பு ஒரு முறை பூனையைக் காசு வாங்கிப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் விட்டிருக்கிறாள். அது நாலு நாள் சாப்பிடவில்லை. ஆகவே இந்த முறை, வேறு வழியில்லாமல், அம்மாவைக் கேட்டாள். அவள் வண்டி ஏறிப் போனதும் என் மனைவி சமையலறை வாசலில் நின்று சொன்னாள்:

"இந்தப் பூனைய நல்லபடியா திருப்பிக் குடுத்தா, அவ மறுக்காவும் இந்த வூட்டுக்கு வருவா. இல்லீன்னா இந்தச் சாக்கும் போச்சு. அவ்ளோதான் சொல்லுவேன்."

மகள் எங்களுக்கு அச்சிட்ட தாள் இரண்டு கொடுத்திருந்தாள். முதல் தாளில் அந்த இனத்தைப் பற்றி மூன்று தலைப்புகள். இரண்டாம் தாளில் பதினாறு அறிவுறுத்தல்கள். எந்தக் கோப்பையும் முழுதாகப் படிக்காமல் நான் கையெழுத்திட்டதில்லை. படித்தேன்.

முதல் தலைப்பு தோற்றம். உருண்டைத் தலை, சிறிய காதுகள், குட்டைக் கால், நீண்டு அடர்ந்த உரோமம், சப்பை முகம். தாள் சொன்னது குறைவு. இந்தப் பூனையின் மூக்கு இரண்டு கண்களுக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு மூக்கு இருக்கும் இடத்தில் இதற்கு ஒன்றுமில்லை. கதவைத் திறக்கப் போன நேரத்தில் எதிர்ப்புறமிருந்து யாரோ வேகமாகத் தள்ளிவிட்டது போன்ற முகம். கண்கள் செம்பு நிறத்தில் பெரிதாக இருக்கும். வாய் இரண்டு ஓரமும் கீழ்நோக்கி வளைந்திருக்கும். நாம் அனுப்பிய கோப்பை "மீண்டும் பேசவும்" என்று எழுதித் திருப்பும் மேலதிகாரிக்கு இந்த முகம் உண்டு. பணியில் இருந்தவரை அந்த முகத்துக்கு முன்னால் நின்றேன். ஓய்வு பெற்ற பிறகு அதே முகத்தின் கண்ணோரத்தில் வழியும் நீரைத் தினமும் காலையில் ஈரப் பஞ்சால் துடைத்துவிடும் வேலை எனக்கு வந்தது. அறிவுறுத்தல் எண் நான்கு.

இரண்டாவது, குணம். சாந்தமானது, உயரத்தில் தாவாது, குரல் மெல்லியது, பழகிய இடத்தைவிட்டு நகர விரும்பாது. எங்கள் அலுவலகத்தில் இந்த நான்கும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அவரைப் பதிவறைக்கு மாற்றிவிடுவோம். வந்த மூன்றாம் நாள் சமையலறையில் ஓர் எலி அதன் முன்னால் நிதானமாக நடந்து போனது. பூனை அதைத் தகவலுக்காக மட்டும் பார்த்தது.

மூன்றாவது பூர்வீகம். இதில் எனக்கு அனுபவம் அதிகம் என்பதால் தாளோடு நிற்காமல் இணையத்திலும் தேடினேன். நானூறு வருடங்களுக்கு முன் பாரசீகம் போன ஐரோப்பியப் பயணி ஒருவர் நீண்ட முடிப் பூனைகளை இத்தாலிக்குக் கொண்டுவந்தாராம். பிறகு பிரான்ஸ், பிறகு இங்கிலாந்து. அங்கே துருக்கியிலிருந்து வந்த பூனைகளோடு கலந்திருக்கிறார்கள், கண்காட்சி வைத்திருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்திருக்கிறார்கள். முகத்தை இந்த அளவுக்குச் சப்பையாக்கியது அதற்கும் பிறகு, பெரும்பாலும் அமெரிக்காவில். மரபணுவைப் பார்த்தவர்களோ, இன்றைய பாரசீகப் பூனை அந்தப் பக்கத்துப் பூனைகளைவிட மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருக்கம் என்கிறார்கள். நம் பூனை பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாவது மாடியில் பிறந்தது. பாரசீகம் என்று பிறப்பிடச் சான்று கேட்டு இது என் மேசைக்கு வந்திருந்தால், ஆதாரம் போதாது என்று ஒரே வரியில் நிராகரித்திருப்பேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் முதல் வாரமே பார்க்க வந்தார். தக்காளியும் ராகியும் போடுகிற குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், எங்களிடம் தமிழ். பூனையை மட்டும் எங்கே பார்த்தாலும் பெக்கு என்பார்.

"ஏங்க்கா, இந்தப் பெக்கு எதுலாவது போயி மோதிக்கிச்சா?"

"பொறப்பே அப்படித்தான் தாயி" என்றாள் என் மனைவி.

"நெறம் எடுப்பா இருக்குது. முடியும் நல்ல அடர்த்தி. மூக்குதான் கொஞ்சம் எறக்கம். எந்தூருங்க?"

"பெங்களூரு. பூர்வீகம் ஈரான்" என்றேன் நான்.

"பாத்தா சாதுவா தெரியுது. நம்ம வூடுகளுக்கு அனுசரிச்சுப் போவுமா?"

என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் எந்தக் குறையுமில்லை. ஞாயிறுதோறும் காலை மகள் வீடியோவில் கூப்பிடுவாள், பூனையைக் காட்டுவோம். மூன்றாம் வாரத்திலிருந்து பூனையைப் பார்த்து முடித்த பிறகு "நீங்க சாப்பிட்டீங்களாப்பா?" என்று ஒரு கேள்வியும் சேர்ந்தது. அதை நான் என் நாட்குறிப்பில் குறித்திருக்கிறேன்.

பிறகு மே மாதம் வந்தது. நல்லம்பள்ளி வெயிலுக்கு நாலு அங்குல உரோமம் தேவையில்லை. பூனை மொசைக் தரையில் நாலு காலையும் பரப்பிக்கொண்டு, கழற்றிப் போட்ட கம்பளி மாதிரி கிடந்தது. காதுக்குப் பின்னாலும் வயிற்றுக்கு அடியிலும் முடி சிக்குப் பிடித்து உருண்டை கட்டியது. இரண்டு சீப்புகளும் தோற்றன.

"சூடு புடிச்சிக்கிச்சுங்க. கண்ணுல பாருங்க, தண்ணியா ஊத்துது" என்றாள் என் மனைவி.

"அது தோற்றம். ரெண்டாம் தாள்ல நாலாம் எண்ணே அதுக்குத்தான்."

"தாளு கெடக்குது. இத்தன முடிய வெச்சிக்கிட்டு ஒரு நாளு எண்ண பாக்காத தலைய நான் எங்கயும் பாத்ததில்ல. சிக்கு ஏன் வுழாது? எண்ண வெச்சி ஒரு முழுக்குப் போட்டா சூடும் எறங்கும், சிக்கும் வுட்டுப்போவும்."

இந்த வீட்டில் எந்தக் கோடைப் பிரச்சினைக்கும் அதுதான் தீர்வு. பிள்ளைக்குக் கண் எரிந்தாலும் சரி, எனக்குப் பதவி உயர்வு தள்ளிப்போன கோபமானாலும் சரி, எண்ணெய்க் குளியல். ஆனாலும் நான் உடனே சம்மதித்துவிடவில்லை. பதினாறு அறிவுறுத்தல்களையும் மறுபடி படித்தேன். மாதம் ஒரு முறை குளிப்பாட்டலாம் என்றது எண் ஒன்பது. எண்ணெய் கூடாது என்று எந்த எண்ணும் சொல்லவில்லை. விதியில் தடையில்லாத இடத்தில் அலுவலர் தம் விருப்புரிமையைப் பயன்படுத்தலாம். ஒப்புதல் அளித்தேன். அதோடு நில்லாமல், பெண்களுக்குத்தான் வெள்ளிக்கிழமை, இது ஆண் என்பதால் சனிக்கிழமைதான் முறை என்றும் திருத்தம் செய்தேன்.

நல்லெண்ணெய் பாதி, குளிர்ச்சிக்காக விளக்கெண்ணெய் பாதி. விளக்கெண்ணெய் பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்தது; அவர்கள் ராகிக் காட்டு வரப்பில் விளைந்த ஆமணக்கு, கம்பி மாதிரி இழுக்கும் கெட்டி எண்ணெய். வெதுவெதுப்பாக்கி, உச்சந்தலையில் தொடங்கி வால் நுனிவரை என் மனைவி தேய்த்துவிட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டு குறுகுறுவென்று சத்தம் போட்டது. "பாத்தீங்களா, ராசாவுக்கு எவ்ளோ எதமா இருக்குதுன்னு" என்றாள். அதுவரை எல்லாம் தாளில் உள்ளபடி நடந்தது.

பிறகு அரப்பு. எண்ணெயை எடுக்கும் அந்த இலைப் பொடியை வடித்த கஞ்சியில் குழைத்துக் கொண்டுவந்தாள். நான் முன்னங்கால்களைப் பிடித்திருந்தேன். முதல் கை அரப்பு முதுகில் விழுந்ததும் தாளில் குறிப்பிடப்படாத சில குணங்கள் வெளிப்பட்டன. உயரத்தில் தாவாது என்றிருந்தது. அது என் தோளுக்குத் தாவி, அங்கிருந்து துணி துவைக்கும் கல்லுக்குப் போனது. குரல் மெல்லியது என்றிருந்தது. தக்காளிக் காட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்று முறை பிடித்து மூன்று முறை அலசினோம்.

விளக்கெண்ணெய் போகவில்லை. அரப்பும் போகவில்லை. இரண்டும் நாலு அங்குல உரோமத்துக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. ஒரு மணி நேர வெயிலில் அது காய்ந்ததும் வெள்ளைப் பூனை பச்சைப் பூனையாகிவிட்டது. தொட்டால் வரட்டி மாதிரி இருந்தது. அளவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. நாங்கள் இரண்டு மாதமாக வணங்கி வந்தது பெரும்பாலும் முடியைத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

பூனை எங்களை நம்பாமல் தானே சுத்தம் செய்துகொள்ளத் தொடங்கியது, நாக்கால். விளக்கெண்ணெய் உள்ளே போனால் என்ன ஆகும் என்பது இந்த மாவட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். மணல் தட்டு ஒன்று என்று பட்டியலில் எழுதியிருந்தேன். போதவில்லை.

மறுநாள் ஞாயிறு. போன் வந்தது.

"எங்கப்பா அவன்?"

"உறங்குறான்."

"மூஞ்சிய மட்டும் காட்டுங்க."

துண்டில் சுற்றி முகத்தை மட்டும் காட்டினேன்.

"என்னப்பா, பச்சையா தெரியுது?"

"கேமரா அப்படி."

"நல்லா சாப்பிடறானா?"

"உணவு தொடர்ந்து வழங்கப்பட்டு வருகிறது."

அவள் திரைக்கு அருகில் வந்து கேட்டாள்: "அப்பா, 'வழங்கப்பட்டு வருகிறது'ன்னு நீங்க சொன்னா ஏதோ நடக்கலன்னு அர்த்தம். என்ன ஆச்சு?"

"டவர் கெடைக்கல சாமி" என்று என் மனைவி போனை வாங்கி அணைத்துவிட்டாள். பூனை சனிக்கிழமை மதியத்திலிருந்து எதையும் சாப்பிட்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை கால்நடை மருந்தகத்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடும் ஒரு கறவை மாடும். ஆட்டுக்காரர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, மசாலா தடவி ஊற வெச்ச மாதிரி இருக்குதே" என்றார். நான் கூடையைத் துண்டால் மூடினேன். டாக்டர் சின்னப் பெண்.

"என்ன சார் தடவுனீங்க?"

"நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், சம பங்கு. பிறகு அரப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "குழம்பு தாளிக்கல இல்ல?" என்று கேட்டுவிட்டு வேலையில் இறங்கினார். நீர் ஏற்றினார், ஊசி போட்டார். முடி இருக்கும்வரை அதை நக்கிக்கொண்டேதான் இருக்கும், நாளைக்குள் எல்லாவற்றையும் மிஷினால் எடுத்துவிட வேண்டும், கத்தரிக்கோல் வைத்தால் தோல் கிழிந்துவிடும் என்றார். பூனை பல நாள் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும் என்றும் சொன்னார். என் மனைவி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

நல்லவேளையாக மறுநாள் செவ்வாய்க்கிழமை, சலூன் விடுமுறை. என் தலையில் வேலை வருடாவருடம் குறைந்து வருவதை முப்பது வருடமாகக் கவனித்து வருபவர், புது பிளேடு மாட்டிய டிரிம்மரோடு வீட்டுக்கே வந்தார்.

"கட்டிங்கா சார், ஷேவிங்கா?"

"முழுசும் எடுத்துருங்க. மூஞ்சிய மட்டும் வுட்டுருங்க."

"வாலு?"

"நுனியில கொஞ்சம் இருக்கட்டும். அடையாளத்துக்கு."

இரண்டு மணி நேரம் ஆனது. பூனை அசையவில்லை, சலூன்காரரின் கை பட்டதும் தாளில் சொன்ன சாந்தம் திரும்பிவிட்டது. முடிவில் தரையில் ஒரு பச்சைக் கம்பளம் கிடந்தது. நடுவில் காலிஃபிளவர் மாதிரித் தலையும், ரோஜா நிற உடம்பும், வால் நுனியில் ஒரு குஞ்சமுமாகப் பூனை நின்றது. "சிங்கமாட்டம் இருக்குது சார்" என்றார் அவர், ஆறுதலாக. பூனை தன் மேலதிகாரி முகத்தால் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, நேராகக் கிண்ணத்துக்குப் போய்ச் சாப்பிட்டது. என் மனைவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தின்னுடா ராசா" என்றாள்.

நான் ஸ்கேலை எடுத்து அளந்தேன். கால் அங்குலம். குறைவு, மூன்றே முக்கால் அங்குலம். என் பணிக்காலம் முழுவதிலும் ஒப்படைப்பில் குறைவு வந்ததே இல்லை. மகள் வர இன்னும் பன்னிரண்டு நாள்.

விளக்கம் எழுதுவதில் எனக்கு இந்த மாவட்டத்தில் நல்ல பெயர். குறிப்பாணை, அதாவது மெமோ, வாங்கியவர்கள் ஏரியூரிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து என்னிடம் வருவார்கள். விளக்கத்தில் எழுவாய் இருக்கக் கூடாது என்பதுதான் அதன் நுட்பம். காரியம் நடந்திருக்கும், செய்த ஆள் இருக்கமாட்டான். அப்படியே ஒன்று எழுதினேன்: 'நிலவிய கடும் கோடை வெப்பத்தைக் கருத்தில் கொண்டு, பூனையின் நலன் பேணும் பொருட்டு மேற்கொள்ளப்பட்ட மரபுவழி நடவடிக்கையின்போது, உரோமத்தில் தவிர்க்க இயலாத குறைவு ஏற்பட நேர்ந்தது.'

என் மனைவி வாங்கிப் படித்தாள்.

"இதப் படிச்சா பூனையே எந்திரிச்சி தனக்கு எண்ண வெச்சிக்கிட்ட மாதிரி இருக்குது. நான்தான் வெச்சேன்னு எழுதுங்க."

"ஒப்புதல் குடுத்தது நான்."

"அப்ப அத எழுதுங்க. அவளுக்கு உங்க ஆபீஸு எழுத்து வேணாம். அது வேணாமின்னுதான் அவ ஒரு வருசமா வரல."

மகள் கொடுத்த முதல் தாள் மேசையில் இருந்தது. தோற்றம், குணம், பூர்வீகம். பக்கத்து வீட்டு அம்மாள் கேட்ட அன்றே எனக்கு அது உறைத்திருந்தது; உறைத்ததை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பட்டியலை எடுத்து, குறிப்புரைக் கட்டத்தில் எழுதினேன். கட்டம் சிறியது, சுருக்கமாகத்தான் எழுத முடிந்தது.

'எண்ணெய் வைக்கச் சம்மதித்தவன் நான். உன்னைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இதற்கு முன்பும் உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி எழுதினேன். இரண்டும் என் தவறு.'

'தவறு' என்ற சொல்லை நூற்றுக்கணக்கான கோப்புகளில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் 'என்' என்று வந்தது அன்றுதான்.

அவள் பஸ்ஸில் தருமபுரி வந்து, அங்கிருந்து ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே பூனையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இது யாரு?"

என் மனைவி அழத் தயாரானாள். நான் பட்டியலை நீட்டினேன். அவள் நின்றபடியே படித்தாள். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது, ஒரு முறை படித்த வரியைத் திரும்பவும் படிப்பது அவள் கண்ணில் தெரிந்தது. பூனை வந்து, முடியில்லாத முதுகை அவள் காலில் உரசிவிட்டு அங்கேயே உட்கார்ந்தது.

"அரப்பாம்மா போட்டீங்க?"

"சூடு புடிச்சிருந்துச்சி சாமி."

"பேனா குடுங்கப்பா" என்றாள். எங்கள் மேல் புகார் எழுதப் போகிறாள் என்று நினைத்தேன். நான் எழுதியதற்குக் கீழே, ஓரத்தில் இருந்த இடத்தில், நுணுக்கி எழுதினாள்:

'பூனையை இந்த நிலையில் திரும்பப் பெற இயலாது. உரோமம் நான்கு அங்குலம் வளரும்வரை பெற்றோர் பொறுப்பிலேயே இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை நேரில் ஆய்வு செய்யப்படும். அறிவுறுத்தல் எண் பதினேழு: எண்ணெய் கூடாது.'

தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். "நகல் ஒண்ணு எனக்கு வேணும்" என்றாள். பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.

ஆய்வு தவறாமல் நடந்து வருகிறது. வெள்ளி இரவே வந்துவிடுகிறாள். சனிக்கிழமை காலை நான் அளந்து பதிவேட்டில் எழுதுவேன், அவள் சரிபார்ப்பாள். உரோமம் ஒழுங்காக வளர்ந்தது. ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று. மூன்றரையைத் தாண்டியபோது என் மனைவி பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே, "லேசா ஓரத்துல கத்தரிச்சு வுட்டா என்னங்க?" என்றாள். விதிகளுக்குப் புறம்பானது என்றேன்.

போன வாரம் அளந்தபோது ஸ்கேலில் சரியாக நான்கு அங்குலம் வந்தது. பதிவேட்டில் மூன்றே முக்கால் என்று எழுதினேன். அரசுப் பணியில் ஒரு நாளும் செய்யாத காரியம். மகள் ஸ்கேலை வாங்கி, பூனையின் முதுகில் வைத்து, குனிந்து நிதானமாகப் பார்த்தாள். பிறகு மூன்றே முக்காலுக்கு நேரே ஒரு டிக் போட்டுக் கையெழுத்திட்டாள்.